ரம்யா, வயது பத்து, ஈரோடு

ஜூலை 12, புதன்

இந்த நோட்டைப் போடச் சொன்னது டாக்டர். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வாந்தி என்று நேரம் போட்டு எழுதிக் காட்ட வேண்டுமாம். ரிப்போர்ட் எழுதுவது எனக்குப் புதிதில்லை. அரசு பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டர், அதற்குப் பிறகு பதினோரு வருஷமாகச் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே எழுதிப் பழகிய கை. நோட்டின் முன்பக்கம் டாக்டருக்கு, பின்பக்கத்திலிருந்து எனக்கு. என் மனைவி உலகம்மை இதைப் படிக்க மாட்டாள். என் கையெழுத்து அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிடிபட்டதில்லை.

என் மகள் கோமதிஸ்ரீ, வயது எட்டு. மார்ச்சில் முழங்கால் வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்கு சொல்கிறாள் என்று நினைத்துத் திட்டினேன். ஏப்ரலில் ரத்தப் புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். சங்கரன்கோவிலில் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் சென்னைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்திருக்கிறேன். சமைப்பதற்கும் துணி துவைப்பதற்கும்தான் அது. பிள்ளை வார்டில் இருக்கிறாள்.

ஊரில் எல்லோருக்கும் டைபாய்டு என்று சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் சங்கரபாண்டிக்கும் அப்படித்தான். பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இந்த நோயின் பேர் ஒரு தடவை ஊர் வாயில் விழுந்தால் அப்புறம் அழியாது. டைபாய்டு வந்து போகிற நோய், அதைக் கேட்டு யாரும் முகம் மாற மாட்டார்கள்.

ஜூலை 14, வெள்ளி

காலை 99.2. அரை இட்லி. வாந்தி ஒன்று.

மருந்து ஏற ஏற ரத்தத்தில் பிளேட்லெட் இறங்குகிறது. அது இறங்கினால் ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும், நிற்காது. வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றித்தான் தாக்காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஆள் ஒன்றரை மணி நேரம் கையை நீட்டி உட்கார வேண்டும். மெஷின் ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைத் திரும்ப உடம்புக்குள் அனுப்பிவிடும். ஆளை நாம்தான் கொண்டுவர வேண்டும் என்கிறது ரத்த வங்கி.

கோமுவுக்கு என் குரூப், பி நெகட்டிவ். நூறு பேரைக் கூட்டினால் இரண்டு பேருக்கு இருந்தால் அதிகம். போன மாதம் நான் கொடுத்தேன். இன்றைக்குப் போனால், உங்களுக்கே ரத்தம் குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

உலகம்மை சொன்னாள்: "உங்க அண்ணனுக்கும் அதே குரூப்தான. ஒரு போன் போட்டா வந்துருவாவல்லா."

"டைபாய்டுக்கு எதுக்குப் பிளேட்லெட்டுன்னு கேப்பாரு. என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

"நீ பேசாம இரி."

துணியைப் பிழிந்தாள், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல்.

ஜூலை 15, சனி

வார்டில் பக்கத்துப் படுக்கைப் பிள்ளையின் அப்பா ஒரு பேர் சொன்னார். விண்ணரசி. ஆஸ்பத்திரி கேன்டீனில் காலை பத்து மணிக்கு வந்து உட்காருவாராம், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துத் தருவாராம், ஒன்றும் வாங்க மாட்டாராம். ஒன்றும் வாங்க மாட்டார் என்பதிலேயே எனக்கு இடறியது.

போய்ப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். கதர்ப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவராம். குரல் அப்படித்தான் இருக்கிறது, நிதானமாக, ஒரு எழுத்து சிந்தாமல். முன்னால் ஒரு தடித்த நோட்டு. ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனிப் பக்கம்.

"நான் மெசேஜ் ஃபார்வர்டு பண்றதில்ல சார். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுப் பேசுவேன். பாப்பா பேரு, வயசு, ஊரு, என்ன நோய், எல்லாம் சொல்லுவேன். நான் சொன்னா சரியா இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அத நம்பித்தான் வேலய விட்டுட்டு வராங்க."

பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தேன். நம் ஊர்க்காரர்கள் சென்னையில் இல்லாத தெரு கிடையாது. இந்தம்மா நூறு பேருக்குப் பேர் சொல்லி, அதில் ஒருத்தன் சங்கரன்கோவிலுக்குப் போன் போட எவ்வளவு நேரமாகும்?

"ரம்யா. வயசு பத்து. ஊரு ஈரோடு. ரத்தத்துல குறைபாடு," என்றேன்.

ரம்யா என்று எனக்கு யாரையும் தெரியாது. வாயில் வந்தது. எழுதிக்கொண்டார்.

"பாப்பாவோட ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் நம்பர்?"

"ஃபைல் மேல, வார்டுல இருக்கு. அப்புறம் சொல்லுதேன்."

"உங்க போன் நம்பரையும் அவங்களுக்குக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம். எல்லாம் உங்க மூலமாவே இருக்கட்டும்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். ஆனாலும் சரி என்றார். நான் அதோடு விட்டுவிடவில்லை. நேராக ரத்த வங்கிக்குப் போனேன். கவுன்டரில் பால்பாண்டி இருக்கிறார், கோவில்பட்டிக்காரர், நம் பக்கத்து ஆள். விஷயத்தைக் காதோடு சொன்னேன்: ரம்யா என்று யாராவது கேட்டு வந்தால் அது நம் கோமதிஸ்ரீதான்.

"அதுக்கென்னண்ணே, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். மனசு லேசாகிவிட்டது. ஊர்க்காரர் ஊர்க்காரர்தான்.

ஜூலை 17, திங்கள்

இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கல்லூரிப் பையன், ஒரு ஆட்டோ டிரைவர். பால்பாண்டி பார்த்து உள்ளே அனுப்பிவிட்டார். ஒரு பை இன்று ஏறியது, இன்னொன்று நாளைக்கு.

கோமுவுக்குக் கொஞ்சம் தெளிச்சி வந்திருக்கிறது. ஊசி போட வந்த நர்ஸிடம் கையை நீட்டி, "டிக்கெட்ட எடுங்க," என்றாள். நர்ஸ் இல்லை என்றதும், "அபராதம் கெட்டணும், கீழ எறங்குங்க," என்று என் குரலிலேயே சொன்னாள். வார்டே சிரித்தது. நான் அப்படியா பேசுகிறேன்?

ஜூலை 18, செவ்வாய்

98.6. ரசம் சாதம், அப்பளம் கேட்டாள். எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் போன் செய்தார். ஊர்க் கோயிலில் கோமதியம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது. "தபசுக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வாரியால?"

"இல்லண்ணே. அலையக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"என்னல டைபாய்டு இது, நாலு மாசமா?"

"முறைக் காய்ச்சல்ணே. விட்டு விட்டு வருது."

அவர் பூக்கடையில் யாரோ மல்லிகைக்கு விலை கேட்கிற சத்தம் பின்னால் கேட்டது. "சரி, பாத்துக்கோ," என்று வைத்துவிட்டார். அண்ணனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டதோ?

ஜூலை 19, புதன்

அந்த விண்ணரசி அம்மாவை இன்றைக்கு முழுதும் கவனித்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், அவ்வளவுதான். இந்தம்மா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதே இல்லை. நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அப்படியென்றால் கை தேர்ந்த ஆள்.

பதினோரு மணிக்குக் கேன்டீனில் நான்கு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் வாங்கினார், சொந்தக் காசில். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு ஆளிடம் கொடுத்தார். அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். முன்பின் தெரியாதவனுக்குச் சொந்தக் காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுக்க எவருக்கு என்ன தலையெழுத்து? ரத்த வங்கியில் இவருக்குப் பைக்கு இவ்வளவு என்று பேச்சு இருக்கும். இல்லையென்றால் மதம் மாற்றுகிற வேலையாக இருக்கும். கோமுவுக்காக ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்பார் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும், "சார், அந்த ஆஸ்பத்திரி நம்பர்?" என்றார்.

"நாளைக்குத் தாரேன்," என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

99.8. கஞ்சி இரண்டு டம்ளர். வலது காலில் நீலமாக ஒரு திட்டு. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள்.

பால்பாண்டி லீவு. குலதெய்வம் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறாராம், பத்து நாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பொறுப்பான ஆள், நம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். கவுன்டரில் புதிதாகக் கண்ணாடி போட்ட ஒரு பெண். பேனாவை எடுக்கவே ஐந்து நிமிஷம். கோமதிஸ்ரீ என்ற பேரை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இவளையெல்லாம் கூட்டமுள்ள பஸ்ஸில் கண்டக்டராகப் போட்டால் தெரியும்.

ஜூலை 22, சனி

விண்ணரசி போன் செய்தார். நேற்று மாலை ஒருவர், இன்று காலை இரண்டு பேர், மூன்று பேரும் ரம்யாவுக்காகப் போனார்களாம். ஏற்றியாயிற்றா என்று கேட்டார்.

யாரும் வரவில்லை. நான் ரத்த வங்கி வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். வார்டில் கேட்டேன், பை வரவில்லை. அப்படியே சொன்னேன்.

"அப்படி ஒரு பேஷண்டே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாமே சார். பாப்பா பேரு சரிதானே?"

"சரிதான்."

"ஊரு?"

"எல்லாம் சரிதான் மேடம்."

வைத்துவிட்டேன். இருபது வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சார், எடுத்தேன் சார், இப்பத்தான் பைல வச்சேன் சார், காத்துல பறந்துருச்சு சார். ஆள் அனுப்பவில்லை என்று சொல்ல இந்தம்மாவுக்கு வாய் வரவில்லை, போனார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை.

பேர் மாற்றிச் சொன்னதில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வந்த இரண்டு பேருக்கும் சொன்னது அதே பேர்தானே.

ஜூலை 23, ஞாயிறு

இன்றும் யாரும் வரவில்லை.

ஜூலை 24, திங்கள்

பிளேட்லெட் ஒன்பதாயிரம். லட்சத்து ஐம்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில்.

காலையில் பல் துலக்கியபோது ஈறிலிருந்து ரத்தம். பிரஷ் வேண்டாம், துணியால் துடைத்துவிடுங்கள் என்றார்கள். மத்தியானம் மூக்கில் வந்தது. உலகம்மை மூக்கைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கோமு அழவில்லை. அவள் சட்டையில் விழுந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சட்டை.

ரத்த வங்கியில் கைவசம் இருந்த ஒரே ஒரு சின்னப் பையைக் கொடுத்தார்கள். இனி அங்கே பி நெகட்டிவ் இல்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "மூக்குல வந்தா நிறுத்திடலாம். தலைக்குள்ள கசிஞ்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குள்ள டோனர் வேணும்."

ரத்த வங்கிச் சுவரில் இன்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ரத்த தானம் குறித்துப் பரவும் போலித் தகவல்களை நம்பி வந்து ஏமாற வேண்டாம்.' நல்ல வேலை செய்தார்கள். இந்தம்மாவைப் பற்றி நான் மட்டும் சந்தேகப்படவில்லை என்று தெரிந்தது.

ஜூலை 25, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கேன்டீனுக்குப் போனேன். விண்ணரசி போனில் யாருக்கோ, "தூங்குனீங்களா? தலவலி மாத்திரை எதுவும் போடலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.

"ஒரு பைக்கு எவ்வளவு வாங்குதிய?"

போனைக் கீழே வைத்தார். "என்ன சார்?"

"எம்பிள்ளைக்கு அனுப்புதேன்னு சொல்லிப் பிடிச்ச ஆளுகள எந்த ஆஸ்பத்திரிக்கு வித்திய? நாலு நாளா ஒருத்தர் வரல. நேத்து மூக்குல ரத்தம். இந்தப் பிஸ்கட்டக் குடுத்து ஊர ஏமாத்துத வேலைய எங்கிட்ட வச்சுக்கிடாதிய. இத மாதிரி ஆயிரம் பேர நான் பஸ்ஸ விட்டு எறக்கியிருக்கேன்."

சுற்றி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். அந்தம்மா முகம் சிவந்துவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பி நெகட்டிவ் பக்கம். அழகான கையெழுத்து. ஏழு பேர், வந்த தேதி, நேரம், ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஒரே வாசகம்: 'ரம்யா என்று யாரும் இல்லை என்றார்கள்.'

"எழுந்திரிங்க சார். கவுன்டருக்குப் போலாம்," என்றார். நான் உட்காரவே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கண்ணாடிப் பெண் எங்களைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்: "மேடம், நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமையிலேருந்து ரம்யா, ரம்யான்னு ஆளா வராங்க. லிஸ்ட்ல முழுக்கத் தேடிட்டேன். அப்படி யாருமே இல்ல. ஏதோ ஃபேக் மெசேஜ்னு நினைச்சு நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

"பால்பாண்டி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லணும் சார்?"

மடக்கு நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். விண்ணரசி என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"பாப்பா பேரு என்ன சார்?"

"கோமதிஸ்ரீ."

"வயசு?"

"எட்டு."

"ஊரு?"

"சங்கரன்கோவில்."

"என்ன நோய்?"

அந்த வார்த்தையை நான்கு மாதத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட 'இது' என்றுதான் சொல்வேன். சொன்னேன். கண்ணாடிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

விண்ணரசி நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. "இம்தியாஸ்னு ஒருத்தர். ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேல. ரெண்டு தடவ வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு. இப்ப நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. பத்தொம்பது வருஷமா இதச் செய்யறேன். என் வாயிலேருந்து தப்பான பேர் ஒண்ணுகூடப் போனதில்ல சார்," என்றார். குரல் அப்போதும் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மன்னிச்சிருங்க என்றேன். அவர் தன் போனில் ஒரு நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "இனிமே நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே பேசுங்க."

ஏழு பேருக்கும் போன் போட்டேன். பேர் சொன்னேன், நோய் சொன்னேன், நான்தான் பொய் சொன்னேன், இந்தம்மா மேல் தப்பில்லை என்று சொன்னேன். இரண்டு பேர் பாதியில் வைத்துவிட்டார்கள். ஒருவர், இன்னொரு இடத்தில் நேற்றுத்தான் கொடுத்தேன் என்றார். ஒருவர் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன். இன்னும் இரண்டு பேர் எடுக்கவில்லை. இம்தியாஸ் மட்டும் விண்ணரசி நம்பரை எடுக்காதவர், என் நம்பரிலிருந்து அடித்ததும் எடுத்தார். முழுதும் கேட்டுவிட்டு, "பார்க்கறேன்," என்றார். அவ்வளவுதான்.

மாலை

வார்டுக்குப் போனால் உலகம்மைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேன்டீனில் நான் போட்ட சத்தம் எனக்கு முன்னால் வார்டுக்குப் போய்விட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"அவ கல்யாணத்துக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்குப் பிள்ள இருக்கணும்லா?" என்றாள். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கோமு விழித்துத்தான் இருந்தாள். மூக்கில் பஞ்சு. "அப்பா, ரம்யா யாருப்பா?"

"யாரும் இல்ல மக்கா."

"எனக்கு வேற பேரு சொன்னியளாமே. நர்ஸக்கா பேசிக்கிட்டாங்க." பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எம்பேரச் சொன்னா யாரும் குடுக்க மாட்டாங்களா?"

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் ஊர்க் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். நாற்பத்தொரு பேர். மைக்கை அழுத்திப் பேசினேன்: கோமதிஸ்ரீக்கு டைபாய்டு இல்லை, ரத்தப் புற்றுநோய், பி நெகட்டிவ் பிளேட்லெட் வேண்டும், ஆஸ்பத்திரி நம்பர் இது. மூன்று தடவை அழித்தேன். நான்காவது தடவை அனுப்பினேன்.

ஜூலை 26, புதன்

மூக்கில் திரும்பவும் கசிவு, காலை ஆறு மணிக்கு. லேசாகத்தான்.

ஒன்பதரைக்கு இம்தியாஸ் வந்தார். முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், தோளில் சாப்பாட்டுப் பை. வணக்கம் சொல்லவில்லை. "ஃபைலக் காட்டுங்க," என்றார்.

கொடுத்தேன். பேரைப் படித்தார், ஆஸ்பத்திரி நம்பரைப் பார்த்தார். "பாப்பா ஆதார்?" அதையும் கொடுத்தேன். போட்டோவில் விரலை வைத்து, என்னைப் பார்த்து, திரும்பப் போட்டோவைப் பார்த்தார். "ஒரு தடவ பாப்பாவ வெளிய நின்னு பாக்கலாமா?"

நான் பஸ்ஸில் செய்வது இதுதான். டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏறிய இடம் கேட்டு, இறங்கும் இடம் கேட்டு, முகத்தைப் பார்ப்பேன். மறுபக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வியர்த்தது. ஆனால் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்.

வார்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கோமு மொட்டைத் தலையோடு, மாஸ்க்கோடு இருந்தாள். யாரென்று தெரியாமலே கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எங்க வரணும்?" என்றார்.

ஒன்றரை மணி நேரம் அவர் பக்கத்தில் நின்றேன். விண்ணரசி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். அவரைப் பார்த்து இம்தியாஸ், "உங்க மேலதான் எனக்கு வருத்தம் மேடம்," என்றார். அவர் தலையை ஆட்டினார். தப்பு என்னுடையது என்று நான் இன்னொரு தடவை சொன்னேன்.

இரண்டு மணிக்குப் பை ஏறியது. தேன் நிறம். உலகம்மை சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஜூலை 27, வியாழன்

98.4. இட்லி ஒன்றரை. கசிவு இல்லை. பிளேட்லெட் முப்பத்தோராயிரம். இரண்டு மூன்று நாளில் திரும்ப இறங்கும், இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார் டாக்டர்.

குடும்பக் குரூப்பில் கும்பிடுகிற கை பதினெட்டு வந்திருக்கிறது. கடவுள் இருக்கார் என்று நான்கு. கடையநல்லூர் அத்தை உலகம்மைக்குப் போன் போட்டு, "உங்க பக்கம் யாருக்காச்சும் இந்த நோக்காடு இருந்துச்சா தாயி?" என்று கேட்டாளாம். நான் பயந்தது இதைத்தான். உலகம்மை, "இல்ல அத்த. பி நெகட்டிவ் யாருக்காச்சும் இருக்கா?" என்று கேட்டாளாம். அத்தை வைத்துவிட்டாள்.

அண்ணனிடமிருந்து ஒன்றுமில்லை. கேட்டுவிட்டார் என்று போனில் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை இரவே கேட்டிருக்கிறார்.

ஜூலை 28, வெள்ளி

இருபத்திரண்டாயிரம். இறங்கத் தொடங்கிவிட்டது. விண்ணரசி, எடுக்காத அந்த இரண்டு பேரில் ஒருவரைப் பிடித்துப் பேசியிருக்கிறார், திங்கட்கிழமைதான் முடியுமாம். திங்கள்வரை தாங்குமா?

நான்கு தடவை அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணி நம்பருக்குப் போட்டேன், எடுத்து, "அவுக இல்ல," என்றார். எங்கே என்று கேட்டதும் வைத்துவிட்டார். மானம் போச்சு என்று ஒதுங்கிவிட்டார்களா? தபசு நேரத்தில் பூ வியாபாரத்தை விட்டு அண்ணன் எங்கே போவார்? சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். இனி அந்த வீட்டு வாசலில் என் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 29, சனி

பதினைந்தாயிரம். ஈறில் லேசாகச் சிவப்பு.

கோமுவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது ரத்த வங்கியிலிருந்து கண்ணாடிப் பெண் போன் செய்தாள். "சார், கோமதிஸ்ரீக்கு ஒரு டோனர் வந்திருக்காரு. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு உட்கார வச்சாச்சு. ஆஸ்பத்திரி நம்பர்லாம் அவரே கரெக்டா சொன்னாரு."

ஓடினேன். மெஷின் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் அண்ணன். ரயிலில் கசங்கிய வேட்டி சட்டை, காலடியில் ஒரு பை. கையில் ஊசி ஏறியிருந்தது. என் ரூமுக்கு வரவில்லை, வார்டுக்கு வரவில்லை, நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே," என்றேன்.

ஊசி ஏறிய கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அழுத்தாமல் அப்படியே பிடித்திருந்தார். நான் அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏம்ல, நாலு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம கோமதியம்மன் சன்னதில போய் நிக்கேன். அந்தத் தாய்கிட்ட எம்புள்ளைக்கு டைபாய்டு சரியாகணும்னுல வேண்டிக்கிட்டு இருந்தேன்."

உதடு கோணியது. கண்ணாடிப் பெண் எட்டிப் பார்த்து, பந்தை அழுத்தச் சொல்லுங்கள், ரத்தம் மெதுவாக வருகிறது என்றாள். நான் குனிந்து, அண்ணன் விரல்களைப் பந்தோடு சேர்த்துப் பிடித்து அழுத்தினேன்.